மாப்ளே, நாற்காலிக்கு என்ன வெலை?

ஒன் திட்டத்தை முழுசாப் படிச்சுட்டேன் மாப்ளே. முதல் வருஷம் அடையார்ல ஒண்ணு, மயிலாப்பூர்ல ஒண்ணு, தி.நகர்ல ஒண்ணு, ஆக மூணு காபிக் கடை. ரெண்டாம் வருஷம் முப்பது. மூணாம் வருஷம் முன்னூறு. நாலாம் வருஷத்துக்கு ஏன் எழுதலை? பூமியில எடம் பத்தாதுன்னு விட்டுட்டியா? கடைசிப் பக்கத்துல 'எக்ஸிட்'னு தடிமனாப் போட்டிருக்கே, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. கடைக்கு இன்னும் பூஜை போடலை, அதுக்குள்ள எந்த வழியா வெளிய போறதுன்னு பார்த்து வச்சிருக்கே பாரு, நம்ம வம்சத்துல இவ்வளவு முன்யோசனை யாருக்கும் இருந்ததில்ல.

காபியை யார் போடுவாங்கிறதுதான் எந்தப் பக்கத்துலயும் இல்ல. பரவால்ல விடு. பெரிய கம்பெனிங்களும் அதைக் கடைசியாத்தான் பார்க்குதுங்க.

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆளு. இப்ப மக வீட்டோட அடையார் காந்தி நகர்ல கெடக்கேன். காலைல நடக்கிறது, பேப்பர் படிக்கிறது, அடுத்தவன் தொழிலைப் பத்திப் பேசுறது, இதைத் தவிர வேலை கெடையாது. அதனால ஒனக்கு யோசனை சொல்ல என்னை விட்டா வேற ஆள் இல்ல.

மொதல்ல ஒரு கணக்கு. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒருத்தர் காலைல காபி குடிக்க வர்றார். டபராவும் டம்ளரும் வாங்குறார், நாலு ஆத்து ஆத்துறார், தொண்டையில எறக்குறார், அடுத்த ஆளுக்கு எடம் விட்டுட்டுப் போயிட்டே இருக்கார். தாராளமா வச்சாலும் நாலு நிமிஷம். காபி முப்பது ரூபான்னு வை. அவர் நின்ன ஒரு முழ எடம் மணிக்குப் பதினஞ்சு பேரைப் பார்க்குது, 450 ரூபா சம்பாதிக்குது. ஒன் கடைக்கு வர்றவன் யாரு? முதுகுல பை, காதுல வெள்ளையா எதையோ சொருகியிருப்பான். 250 ரூபாய்க்கு ஒரு கப் வாங்குவான். சொவத்துல கரண்டுக்குத் துளை எங்க இருக்குன்னு பார்த்து அதுக்குப் பக்கத்துல மெத்தை நாற்காலியில சாய்வான். ரெண்டு மணி நேரம் அவன் ஆபீஸ் வேலையை ஒன் கரண்டுல, ஒன் ஏசியில, ஒன் வைஃபையில பார்ப்பான். மணிக்கு 125 ரூபா. நின்னுக்கிட்டுக் குடிக்கிறவர் எடம் மூணரை மடங்குக்கு மேல சம்பாதிக்குது மாப்ளே, அதுவும் மெத்தை இல்லாம.

இப்ப வாடகையைச் சேரு. அடையார்ல ரோட்டு மேல மாசம் மூணு லட்சம்னு வச்சுக்குவோம். நாளைக்குப் பத்தாயிரம். 200 கப் ஓடுனா ஒரு கப்புக்கு 50 ரூபா வாடகை. மழைக் காலம், பரீட்சைக் காலம், 60 கப்தான் ஓடுச்சுன்னா கப்புக்கு 166 ரூபா. ஒன் 250 ரூபாயில மூணுல ரெண்டு பங்கு கட்டடக்காரருக்குப் போயிடுச்சு. அந்த மனுஷன் மாடியில ஒக்காந்து வீட்டுல போட்ட பில்டர் காபியைக் குடிச்சுக்கிட்டிருப்பார்.

அப்ப நாற்காலியைத் தூக்கிடலாம்னு சொல்லுவே. தூக்கிப் பாரு. அப்புறம் 250 ரூபா எவன் குடுப்பான்? அவன் குடுக்கிறதே நாற்காலிக்குத்தான். நாற்காலி இருந்தா எழுந்திருக்க மாட்டான், நாற்காலி இல்லேன்னா வரமாட்டான். இந்த முடிச்சுலதான் ஒன் தொழில் மொத்தமும் கெடக்கு. நீ என்னடான்னா முடிச்சை முன்னூறால பெருக்கி, அதுக்கு 'வளர்ச்சி'ன்னு பேரு வச்சு, கலர் கலரா ஏணி வரைஞ்சு வச்சிருக்கே.

ஒனக்கு மின்ன போனவங்க கதையைக் கேளு. கதீட்ரல் ரோட்டுல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்துச்சு, 1962-ல ஆரம்பிச்சது. மர நெழல்ல காரை நிறுத்திட்டு ஜன்னல் கண்ணாடியில தட்டை மாட்டிச் சாப்புடலாம். ஒரு காபிக்கு அரை நாள் ஒக்காந்திருந்தாலும் யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. சென்னையில உட்கார்ற எடத்தை வித்த கடைன்னா அதுதான், சீயாட்டில் ஸ்டார்பக்ஸ்காரன் இங்க வர்றதுக்கு அம்பது வருஷம் முந்தி. கடையில கூட்டம் கொறையலை, காபியும் கெடலை. ஆனா நெலம் அவங்களுது இல்ல, குத்தகை. வழக்கு நடந்துச்சு, 2008-ல மூடிட்டாங்க. 2010-ல அங்க செம்மொழிப் பூங்கா வந்துச்சு. இப்பவும் ஜனங்க அதே எடத்துல போய்த்தான் ஒக்கார்றாங்க, காபிதான் இல்ல. கூட்டத்தைக் காட்டி வாடகைதாரன் நெலத்துக்குச் சொந்தக்காரன் ஆக முடியாது மாப்ளே. பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரன் சொல்றேன், இந்த ஒண்ணுல எங்களுக்குப் பட்டறிவு ஜாஸ்தி.

இதுக்கு நடுவுல, 1999-ல நம்ம சென்னையிலயே க்விக்கீஸ்னு ஒண்ணு வந்துச்சு. அமெரிக்காவுல கம்ப்யூட்டர் தொழில் பார்த்துட்டுத் திரும்புனவர் ஆரம்பிச்சது. எஸ்பிரஸோ, கப்புசினோன்னு இங்க உள்ள பசங்க வாயைப் பழக்கிவிட்டது அதுதான். பழக்கிவிட்டவன் போயிட்டான், பழகுன வாய் அடுத்த கடைக்குப் போச்சு. இன்னிக்கு அந்தப் போர்டைத் தேடினாலும் கெடைக்காது.

பெரிய கதை காபி டேயோடது. சிக்மகளூர் காபித் தோட்டத்துக் குடும்பத்துப் புள்ள சித்தார்த்தா, 1996-ல பெங்களூர் பிரிகேட் ரோட்டுல காபியையும் இன்டர்நெட்டையும் ஒரே கூரைக்கு அடியில வச்சார். கொட்டை சொந்தத் தோட்டத்துது. வறுக்கிறது சொந்த ஆலை. ஆபீஸ் ஆபீஸா வைக்கிற மெஷினும் சொந்தம். மேசை நாற்காலிக்குக் கூட சொந்தக் கம்பெனி. எல்லாம் சொந்தம், கடை நின்ன தரை மட்டும் வாடகை. அடையார்ல, தி.நகர்ல, காலேஜ் இருக்கிற எந்தத் தெருவுல பார்த்தாலும் அந்தச் செவப்புப் போர்டு. 2015-ல பங்குச் சந்தைக்குப் போனாங்க, 328 ரூபாய்க்கு வித்த பங்கு முதல் நாளே விழுந்துச்சு. விழுந்தும் கடை திறக்கிறது நிக்கலை. 2019 மார்ச்சுல நாடு முழுக்க 1,752 கடை. கம்பெனிக் குழுமத்துக் கடன் சுமாரா 7,200 கோடி.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில நேத்ராவதி ஆத்துல சித்தார்த்தா உயிர் போனதைப் பத்தி எனக்குக் கிண்டல் பேச வாய் வராது. அவரு எழுதுனதாச் சொல்ற கடுதாசியில, இவ்வளவு பாடுபட்டும் லாபம் தர்ற சரியான வழியை உருவாக்க முடியலைன்னு இருந்துச்சு. ஆயிரத்து எழுநூறு கடை வச்சிருந்தவர் எழுதுன வரி அது. ஒன் மூணாம் வருஷத்து ஏணிப் படத்துக்குப் பக்கத்துல அதையும் எழுதி வச்சுக்கோ.

அப்புறம் என்னாச்சுங்கிறதுதான் ஒனக்குப் பாடம். அவரு சம்சாரம் மாளவிகா ஹெக்டே 2020 டிசம்பர்ல பொறுப்பெடுத்தாங்க. கடை மேல கடையா மூடுறது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்துச்சு, அப்புறமும் தொடர்ந்துச்சு. 2021 மார்ச்சுல 572, 2023-ல 469. கடன் ரெண்டாயிரம் கோடிக்குள்ள எறங்குச்சு. எதை வித்து எறங்குச்சு தெரியுமா? அவங்க வர்றதுக்கு முன்னாடியே பெங்களூர்ல இருந்த டெக்னாலஜி பார்க்கை கம்பெனி பிளாக்ஸ்டோன்காரனுக்கு வித்துடுச்சு, ஏறத்தாழ 2,700 கோடி. அதுக்கு முன்னாடி சித்தார்த்தா காலத்துலயே மைண்ட்ட்ரீங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியோட பங்கை எல் அண்ட் டி-க்கு வித்தாச்சு, அது 3,000 கோடிக்கு மேல. ஆக, காபிக் கடன்ல பெரும் பங்கை அடைச்சது நெலமும் பங்கும்தான். கம்பெனிப் பணம் குடும்பத்துக் காபித் தோட்டக் கம்பெனிக்குப் போனதுக்காக செபி 26 கோடி அபராதம் போட்டது தனிக் கதை. ஒனக்கு என்ன இருக்கு விக்கிறதுக்கு? ஒரு புல்லட்டு, ஒரு லேப்டாப்பு, எங்க அக்காவோட ஒட்டியாணம். ஒட்டியாணத்துல கை வச்சே, நானே போலீசுக்குப் போவேன்.

சரி, டாடாவைப் பார்ப்போம். ஸ்டார்பக்ஸ்காரன் டாடாவோட பாதிக்குப் பாதி சேர்ந்து 2012 அக்டோபர்ல மும்பையில முதல் கடை திறந்தான். 2014-ல வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலுக்கு வந்தான். 2028-க்குள்ள ஆயிரம் கடை, மூணு நாளைக்கு ஒரு கடைன்னு அறிவிச்சான். 2025 மார்ச்சுல 479 கடை. அந்த வருஷத்து நஷ்டம் 130 கோடிக்கு மேல. கடை கூடக் கூட நஷ்டமும் கூடுச்சு. ஆனா டாடா உப்பு விக்கிறான், தேயிலை விக்கிறான், காரு விக்கிறான். ஒரு பக்கம் ஒழுகினா இன்னொரு பக்கத்துல மொண்டு ஊத்துவான். அவனைப் பார்த்து நீ மூணு நாளைக்கு ஒரு கடைன்னு கெளம்பினா, நாலாம் நாள் ஒங்க அத்தைகிட்ட கைமாத்து கேட்டு வருவே.

இதுல எனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்கு. ஒலகம் பூரா குடம் குடமா ஊத்திக் குடுத்தவன், 2022-ல இந்தியாவுக்குன்னு 'பிக்கோ'ன்னு ஒரு சின்னக் கப் கொண்டு வந்தான். 177 மில்லி. கூடவே மசாலா டீ, பில்டர் காபி. பத்து வருஷம் கழிச்சு நம்ம டம்ளர் அளவுக்கு வந்து சேர்ந்திருக்கான். மயிலாப்பூர்ல எந்த மாமியைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே காசு வாங்காமச் சொல்லியிருப்பாங்க.

அமெரிக்காவுலயே அவன் பட்ட பாட்டைக் கேளு. தெருவுக்கு ரெண்டு கடை வச்சான். நெருக்கி நட்ட நாத்து ஒண்ணோட சத்தை ஒண்ணு தின்னு எல்லாமே சோடையாப் போகும்ல, அதுதான் நடந்துச்சு. 2008-ல 600 கடையை மூடுறேன்னு அறிவிச்சான். அந்த வருஷமே பிப்ரவரியில ஒரு நாள் சாயங்காலம் 7,100 கடையோட கதவைச் சாத்திட்டு, வேலைக்காரங்களுக்கு காபி போடக் கத்துக்குடுத்தான். கொட்டையைக் காத்துப் புகாத பையில அடைச்சு அனுப்புனதால கடைக்குள்ள காபி வாசனையே இல்லாமப் போச்சுன்னு அந்தக் கம்பெனித் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2007-லயே பொலம்பி எழுதியிருந்தார். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு அடங்கலை. மயிலாப்பூர்ல காபிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை வாசல்ல சும்மா நடந்து போனாலே வேட்டியெல்லாம் மணக்கும். விளம்பரச் செலவு ஒரு பைசா கெடையாது. பீபெர்ரியா, பிளாண்டேஷன் ஏ-வா, சிக்கரி எவ்வளவுன்னு மூணே கேள்வி, அரைச்சுக் கையில குடுத்துடுவாங்க. ஒன் திட்டத்துல வாசனைக்குப் பதிலா 'பிராண்ட் அனுபவம்'னு போட்டிருக்கே. அது எவ்வளவு தூரம் மணக்கும்?

ஆஸ்திரேலியாவுல அதே 2008-ல 84 கடையில 61-ஐ மூடுனான். அங்க ஏற்கனவே இத்தாலிக்காரங்களும் கிரேக்கக்காரங்களும் குடியேறி, ஜனங்களுக்கு நல்ல காபி பழக்கி வச்சிருந்தாங்க. காபி தெரியாத ஊர்ல கடை போடுறது சுலபம். தெரிஞ்ச ஊர்ல டிகாக்‌ஷன் கொஞ்சம் நீர்த்தாலே நாலு பேர் டம்ளரைத் திருப்பி வச்சுட்டுப் போவாங்க. நீ தேர்ந்தெடுத்திருக்கிற மூணு எடமும் அந்த ரகம். தைரியசாலிடா நீ.

சீனாவுல லக்கின் காபின்னு ஒருத்தன். 2017-ல ஆரம்பிச்சு, கூப்பனை வாரி எறைச்சு, ரெண்டே வருஷத்துல அமெரிக்கச் சந்தையில பங்கு வித்தான். 2020-ல பார்த்தா, விக்காத காபியை வித்ததா 220 கோடி யுவானுக்குக் கணக்கு எழுதியிருந்தான். சந்தையை விட்டு வெரட்டுனாங்க. ஆனா பொழைச்சு எழுந்து 2023-ல பத்தாயிரம் கடையைத் தாண்டிட்டான். எப்படி? அவன் கடையில பெரும்பாலும் ஒக்கார எடமே கெடையாது. போன்ல சொல்லு, வந்து வாங்கு, நடையைக் கட்டு. மாட வீதிக்காரர் சூத்திரம்தான், டபரா மட்டும் இல்ல.

ஸ்டார்பக்ஸ் 2018-ல எதுவும் வாங்காமலே யாரும் வந்து ஒக்காரலாம்னு பெரிய மனசு பண்ணுச்சு. 2025 ஜனவரியில அமெரிக்காவுல அதை வாபஸ் வாங்கிடுச்சு. காசு குடுத்தாத்தான் நாற்காலியும் கழிப்பறையும். ஏழு வருஷம் ஆச்சு நாற்காலிக்கு வெலை உண்டுன்னு ஒத்துக்க.

வளர்ச்சின்னா நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் வளர்ந்தான் பாரு, அது வளர்ச்சி. சென்னையில இருந்து திண்டிவனம் போற ரோட்டுல எத்தனை கும்பகோணம் டிகிரி காபிக் கடை! தலைமை ஆபீஸ் இல்ல, முதலீட்டாளர் இல்ல, எக்ஸிட் இல்ல. யாரும் யாருக்கும் ராயல்டி குடுக்கலை. போர்டு எழுதுறவன் ஒருத்தன், பித்தளை டம்ளர் நாலு டஜன், முடிஞ்சுது. கும்பகோணத்துக்காரனைக் கேட்டா 'அப்படியா?'ம்பான். நானும் நிறுத்திக் குடிச்சிருக்கேன். பாதிப் பேர் எறங்குறது காருக்கு நெழலும் கழிப்பறையும் இருக்குன்னுதான். அப்படியே ஒரு காபி. அங்கயும் எடம்தான் விக்குது, ஆனா யாரும் ரெண்டு மணி நேரம் ஒக்காரமாட்டான். ஊர் போய்ச் சேரணும்ல.

இன்னொரு வழி, இந்தியன் காபி ஹவுஸ். காபி போர்டு தன் கடைங்களை மூடினப்ப, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தொழிலாளிங்களைச் சேர்த்து 1957-ல கூட்டுறவுச் சங்கமாக்கினார். கேரளா பக்கம் போனா இன்னிக்கும் விசிறித் தலைப்பாக்காரர் காபி கொண்டு வந்து வைக்கிறார். அதுல எக்ஸிட் கெடையாது. பரிமாறுறவனே மொதலாளி, அவன் எங்க வெளியேறுவான்? ஒன் கூட்டாளிங்ககிட்ட இதைச் சொல்லிப் பாரு, முகம் எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும்.

கடை வச்சே தீருவேன்னா ரெண்டு விஷயம். திறக்கிற நேரம் காலைல ஒன்பதுன்னு போட்டிருக்கே. நாகேஸ்வர ராவ் பூங்காவுல நடக்கிறவங்க ஏழு மணிக்குள்ள முடிச்சு, வேர்வையோட காபி தேடுறாங்க. பனகல் பார்க்ல ஜவுளிக்கடைப் பசங்க வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தேடுறாங்க. சென்னை காபி குடிச்சு, பேப்பர் படிச்சு, மருமகளோட ஒரு சண்டையும் போட்டு முடிச்சதுக்கப்புறம் நீ ஷட்டரைத் தூக்குறே. மூணு லட்சம் வாடகைக் கட்டடம் ஊரு குடிக்கிற நேரத்துல தூங்குது.

ரெண்டாவது, மெட்ரோ. நீ பார்த்து வச்சிருக்கிற மூணு ஏரியாவையும் தோண்டிப் போட்டிருக்கான். லஸ் முனையில தகரத் தடுப்பு, பனகல் பார்க்ல தடுப்பு, அடையார்லயும் தடுப்பு. தடுப்புக்குப் பின்னாடி இருக்கிற கடைக்கு வாடகை மலிவுன்னு புரோக்கர் சொன்னா நம்பாதே. அவர் மலிவாக் குடுக்கிறது கடையை இல்ல, பள்ளத்தை. ஸ்டேஷன் முடியுற அன்னிக்கு அதே கட்டடக்காரர் வாடகையை ஏத்துவார், அப்ப நீ தாக்குப் பிடிச்சிருந்தாத்தானே.

முதலீட்டாளர் பணம்தானே போகும், நம்ம பணமா போகுதுன்னு ஒன் மனசுக்குள்ள ஓடுது, எனக்குத் தெரியும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு எங்க காலத்துலயே இதுக்கு மூலதனக் கொள்கை எழுதி வச்சுட்டாங்க. ஆனா வாடகை ஒப்பந்தத்தோட பின்பக்கத்தைப் படிச்சியா? நான் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். மூணு வருஷம் லாக்-இன். கடை ஓடுனாலும் ஓடலேன்னாலும் வாடகை குடுத்தாகணும், நடுவுல காலி பண்ண முடியாது. பத்து மாச அட்வான்ஸ். வருஷா வருஷம் வாடகை ஏறும். ஒன் திட்டத்துல இருக்கிற எக்ஸிட்டை அந்தக் கட்டடக்காரர் பூட்டி, சாவியை மடியில முடிஞ்சு வச்சிருக்கார். அதுக்குக் கீழ 'தனிநபர் ஜாமீன்'னு எழுதி, மன்னார்குடி நெலத்தோட சர்வே நம்பரையும் போட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டிருக்கே. பேரு மட்டும் எழுதலை. யாரை நெனைச்சுக்கிட்டு விட்டியோ தெரியாது. அந்தக் கோட்டை அடிச்சுட்டு, லாக்-இன்னை ஆறு மாசமாக் கொறைக்கச் சொல்லி நாளைக்குக் காலைல அந்தக் கட்டடக்காரரைப் போய்ப் பாரு. ஒத்துக்கிட்டார்னா ஒரே ஒரு கடை போடு, நாற்காலி எத்தனைங்கிறதை அப்புறம் ஒக்காந்து பேசுவோம்.